நாசா – நெல்சன் வழக்கு: ஒரு பணியாளரைப் பற்றி அரசு எவ்வளவு கேட்கலாம்?

கலிபோர்னியாவின் பாசடீனா நகரை ஒட்டி அமைந்துள்ள ஜெட் உந்துவிசை ஆய்வகம், அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோளான எக்ஸ்ப்ளோரர் 1-ஐ 1958-இல் உருவாக்கிய இடம். கோள்களுக்கு ஆளில்லா விண்கலங்களை அனுப்புவதும் அவற்றோடு தொடர்பு வைத்திருப்பதும் இன்றுவரை அதன் முதன்மைப் பணி. ஜேபிஎல் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த ஆய்வகம் நாசாவுக்குச் சொந்தமானது என்றாலும், அதை ஒப்பந்த அடிப்படையில் நடத்துவது கால்டெக் என்னும் தனியார் பல்கலைக்கழகம். அதனால் அங்கு வேலை பார்த்த ஏறத்தாழ 5,000 பேரும், இருபது முப்பது ஆண்டுகள் அங்கேயே கழித்திருந்தாலும், சட்டப்படி ஒப்பந்தப் பணியாளர்களே. அரசு ஊழியர்கள் அல்லர். அவர்களில் நெல்சன் என்பவர் உள்ளிட்ட 28 பேர், தங்களைப் பற்றி அரசு நடத்தவிருந்த பின்னணிச் சரிபார்ப்பை எதிர்த்து 2007 ஆகஸ்ட் 30 அன்று வழக்குத் தொடுத்தனர். 2011 ஜனவரி 19 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

முடிந்துபோன இந்த வழக்கை மீண்டும் எடுத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. பாதுகாப்பு முக்கியத்துவம் உள்ள இடங்களில் வேலை செய்வோரை அரசு எப்படிச் சோதிக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், ‘கேட்பதில் என்ன தவறு?’ என்ற வினாவோடு அது நின்றுவிடுகிறது. கேட்டு வாங்கிய விடை யார் கையில் தங்குகிறது, எத்தனை காலம் தங்குகிறது, வெளியே போய்விட்டால் யார் பொறுப்பு ஏற்பது என்பவை பின்னுக்குப் போய்விடுகின்றன. நெல்சன் வழக்கின் தீர்ப்போ, கேட்பது சரி என்று சொல்வதற்கு, வாங்கிய விடையை அரசு பத்திரமாக வைத்திருக்கும் என்பதையே ஒரு முதன்மையான ஆதாரமாகக் கொண்டது. ஆகவே தீர்ப்புக்குப் பின் வந்த ஆண்டுகளில் நடந்தவற்றையும் சேர்த்துப் படித்தால்தான் இந்த வழக்கு முழுமையாகப் புரியும் என்பது என் கருத்து.

சரிபார்ப்பு ஆய்வகத்துக்கு வந்த வழி

மத்திய அரசுப் பணியில் சேர்வோரை ஏதேனும் ஓர் அளவில் விசாரித்த பிறகே சேர்க்க வேண்டும் என்பது அமெரிக்காவில் பழைய விதி. 1953-இல் அதிபர் ஐசன்ஹோவர் பிறப்பித்த 10450-ஆம் எண் ஆணையிலிருந்து அது நடைமுறையில் உள்ளது. ஆனால் ஒப்பந்தப் பணியாளர்கள் நெடுங்காலம் இந்த விதிக்கு வெளியே இருந்தனர். 2001 செப்டம்பர் 11 தாக்குதலை ஆராய்ந்த ஆணையம், அடையாள ஆவணங்களுக்கு ஒரே சீரான தரம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதைத் தொடர்ந்து 2004 ஆகஸ்ட் 27 அன்று அதிபர் புஷ், உள்நாட்டுப் பாதுகாப்பு தொடர்பான 12-ஆம் எண் வழிகாட்டு ஆணையைப் பிறப்பித்தார். அரசு வளாகங்களுக்குள் நுழையும் ஊழியர், ஒப்பந்தப் பணியாளர் ஆகிய இரு தரப்பினருக்கும் பொதுவான அடையாள அட்டை வேண்டும் என்பதே அதன் சாரம். 2005-இல் வகுக்கப்பட்ட தொழில்நுட்பத் தரம், அந்த அட்டையைப் பெறுவதற்குப் பின்னணிச் சரிபார்ப்பை முன்நிபந்தனை ஆக்கியது. நெடுநாள் பணிபுரியும் ஒப்பந்தப் பணியாளர்களுக்கு 2007 அக்டோபர் கெடுவாக வைக்கப்பட்டது.

2007 ஜனவரியில் நாசா கால்டெக்குடனான ஒப்பந்தத்தைத் திருத்தி இந்த நிபந்தனையைச் சேர்த்தது. சரிபார்ப்பை முடித்து அட்டை பெறாதவர், தாமாகவே வேலையை விட்டு விலகியதாகக் கொள்ளப்படுவார் என்று கால்டெக் அறிவித்தது. இந்தக் கடைசி விதியை நாசா கேட்கவில்லை. நிறுவனம் தானாகவே வகுத்தது. ஆண்டுக்கணக்கில் அதே வாயில் வழியாக வந்து போன ஒரு பொறியாளருக்கு, ஒரு கையெழுத்து போட மறுத்தால் வேலையைத் தானே விட்டதாக எழுதிவிடுவோம் என்று சொல்வது கடுமையானது. வழக்கு அவ்வளவு வேகமாக எழுந்ததற்கு இந்த விதியும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

இரண்டு படிவங்கள்

சரிபார்ப்பு இரண்டு படிவங்களைக் கொண்டு நடந்தது. முதலாவது எஸ்எஃப்-85; பணியாளர் தாமே நிரப்புவது. பாதுகாப்பு முக்கியத்துவம் இல்லாத பணிகளுக்கான வினாப் படிவம் என்பதே அதன் பெயர். வசித்த இடங்கள், படிப்பு, முந்தைய வேலைகள், தம்மை நன்கு அறிந்த சிலரின் பெயர்கள் ஆகியவற்றைக் கேட்ட பிறகு, கடந்த ஓராண்டில் சட்டவிரோதப் போதைப்பொருளைப் பயன்படுத்தியதோ, வைத்திருந்ததோ, விற்றதோ உண்டா என்று அது வினவியது. ‘ஆம்’ என்றால் விவரம் எழுத வேண்டும். பெற்ற சிகிச்சையையும் ஆலோசனையையும் குறிப்பிட வேண்டும். இந்த விடையைக் குற்றவியல் வழக்கில் சான்றாகப் பயன்படுத்த முடியாது என்ற உறுதி படிவத்திலேயே இருந்தது. கூடவே, பள்ளிகள், வீட்டு உரிமையாளர்கள், பணி தந்தவர்கள் போன்றோரிடமிருந்து தகவல் திரட்ட அரசுக்கு ஒப்புதல் தரும் கையெழுத்தும் கேட்கப்பட்டது.

இரண்டாவது, 42-ஆம் எண் படிவம். பணியாளர் குறிப்பிட்ட வீட்டு உரிமையாளருக்கும் நண்பருக்கும் அது அஞ்சலில் போகும். இவருடைய நேர்மையைச் சந்தேகிக்க உங்களிடம் காரணம் உண்டா? சட்டமீறல், பண விஷயத்தில் நாணயம், மது அல்லது போதைப் பழக்கம், மன நிலை, பொதுவான நடத்தை, ‘மற்றவை’ ஆகியவற்றில் இவருக்குப் பாதகமான தகவல் ஏதேனும் தெரியுமா? இத்தகைய வினாக்களே அதில் இருந்தன. ஆண்டுக்கு 18 இலட்சத்துக்கும் மேற்பட்ட முறை அரசு இந்தப் படிவத்தை அனுப்பி வந்ததாகத் தீர்ப்பு குறிப்பிடுகிறது.

வழக்குத் தொடுத்தவர்கள் எல்லாவற்றையும் எதிர்க்கவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பெயரையும் கல்வியையும் சரிபார்ப்பதையோ, குற்றப் பதிவேடுகளைப் பார்ப்பதையோ எதிர்ப்பது அவர்களுடைய வழக்கின் மையம் அன்று. உச்ச நீதிமன்றத்தில் எஞ்சி நின்றவை இரண்டே: போதைப்பொருள் சிகிச்சை பற்றிய கேள்வி, 42-ஆம் படிவத்தின் எல்லையற்ற கேள்விகள். அவர்கள் அனைவரும் குறைந்த இடர் கொண்ட பணியாளர்கள் என்று வகைப்படுத்தப்பட்டவர்கள். தாங்கள் செய்வது வெளிப்படையான அறிவியல் என்பதும், தங்கள் மனநலத்தையும் குடும்ப வாழ்வையும் பற்றிப் பழைய வீட்டு உரிமையாளரிடம் அரசு விசாரிப்பதற்கும் அந்த அறிவியலுக்கும் தொடர்பில்லை என்பதும் அவர்களின் வாதத்தின் சாரம்.

வழக்குக்கு இன்னொரு பின்புலமும் இருந்தது. பணியாளரின் தகுதியை எடைபோடும் அளவுகோல்கள் அடங்கிய ஓர் அட்டவணை, ஆய்வகத்தின் உள் இணையதளத்தில் சிறிது காலம் இடம்பெற்றிருந்தது. திருமணமின்றிச் சேர்ந்து வாழ்தல், தன்பாலின உறவு, மனப்பான்மை போன்றவையும் அதில் பிரச்சினைகளாகப் பட்டியலிடப்பட்டிருந்தன. அந்த அட்டவணையை நாசா பயன்படுத்தவில்லை, பயன்படுத்தாது என்று அரசு வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தில் உறுதி கூறினார். நீதிமன்றம் அதை ஏற்று அப்பால் நகர்ந்தது. ஆனால் ‘பொதுவான நடத்தை’ என்ற சொற்களைப் படிவத்தில் பார்த்த ஒருவர், அந்த அட்டவணையையும் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கேள்விக்கு எல்லை இல்லாதபோது, அதன் எல்லை எதுவென்று கேட்கப்படுபவர் ஊகிக்கத்தான் செய்வார்.

மூன்று நீதிமன்றங்கள்

மாவட்ட நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. கெடு நெருங்கிய அக்டோபரில் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தடை விதித்தது. பிறகு விரிவான தீர்ப்பில், போதைப்பொருள் பயன்பாட்டைக் கேட்பது சரி, ஆனால் சிகிச்சையைக் கேட்பதற்கு நியாயமான தேவை காட்டப்படவில்லை என்றும், 42-ஆம் படிவத்தின் திறந்த கேள்விகள் தேவைக்கு ஏற்பக் குறுக்கப்படவில்லை என்றும் கூறியது. கூடுதல் நீதிபதிகள் கொண்ட அமர்வு விசாரிக்க வேண்டும் என்ற அரசின் மனு 2009-இல் தள்ளப்பட்டபோது, பல நீதிபதிகள் மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்தனர். அரசு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது.

அங்கு எட்டு நீதிபதிகளும் அரசின் பக்கமே முடிவு செய்தனர். நீதிபதி ககன் வழக்கில் பங்கேற்கவில்லை. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி அலிட்டோ, தன் தகவல்கள் வெளிப்படாமல் காக்கும் உரிமை அரசியல் சட்டத்தில் உண்டா இல்லையா என்பதை முடிவு செய்யவில்லை. அப்படி ஓர் உரிமை இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும் இந்தக் கேள்விகள் அதை மீறவில்லை என்றார். இவ்வாறு முடிவு செய்யாமல் ஊகித்துக்கொண்டு போவதை நீதிபதி ஸ்காலியா தனிக் கருத்தில் வன்மையாகச் சாடினார். அப்படி ஓர் உரிமை அரசியல் சட்டத்தில் இல்லவே இல்லை, அதைச் சொல்லிவிட்டு வழக்கை முடித்திருக்க வேண்டும் என்பது அவர் நிலை. நீதிபதி தாமஸ் அதில் இணைந்தார். ஸ்காலியாவின் முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் கீழ் நீதிமன்றங்களுக்கு இந்தத் தீர்ப்பு தெளிவான வழி எதையும் காட்டவில்லை என்ற அவருடைய குறையை மறுக்க முடியவில்லை.

அலிட்டோவின் காரணங்கள் இரண்டு அடுக்குகளாக அமைந்தன. முதலாவது, அரசு இங்கே குடிமக்களை ஆளும் அரசாக அல்ல, வேலை தருபவராகவே கேட்கிறது. தனியார் நிறுவனங்களும் இவ்வாறு விசாரிப்பது வழக்கம். தன் வளாகத்தையும் பணியாளர்களையும் நிர்வகிக்கும்போது அரசுக்குக் கூடுதல் இடம் உண்டு. ஒவ்வொரு கேள்வியும் தவிர்க்கவே முடியாதது என்று அது நிரூபிக்க வேண்டியதில்லை. சிகிச்சை பற்றிய கேள்வி, தவறை உணர்ந்து திருந்த முயல்பவரை மற்றவரிடமிருந்து பிரித்தறிவதற்கு உதவுவது. அது பணியாளருக்குச் சாதகமானதே என்று தீர்ப்பு கூறியது.

குறைந்த இடர் கொண்ட பணி என்ற வாதத்துக்கு நீதிமன்றம் தந்த விடை, என் பார்வையில், தீர்ப்பின் மிக வலுவான பகுதி. வழக்குத் தொடுத்தவர்களில் ஒருவர் 56.8 கோடி டாலர் செலவிலான கெப்ளர் விண்தொலைநோக்கியின் சிக்கல்களைத் தீர்க்கும் முதன்மைப் பொறியாளர். இன்னொருவர், விண்வெளியில் நாசா பயன்படுத்தவிருக்கும் புதிய தொழில்நுட்பங்களைச் சோதிக்கும் திட்டத்தின் தலைவர். மற்றொருவர், அப்போலோ நிலவுப் பயணங்களுக்கும் கலிலியோ திட்டத்துக்கும் பாதை வகுத்தவர்களில் ஒருவர். ஊதியம் யார் கணக்கிலிருந்து வந்தாலும் வேலையின் கனம் ஒன்றுதான். மேலும், ஜேபிஎல் அட்டை வைத்திருப்பவர் நாசாவின் பிற நிலையங்களுக்குள்ளும் நுழைய முடியும். பழுதுபார்க்கப்பட்டுக்கொண்டிருக்கும் விண்ணோடத்துக்கு ஆறு முதல் பத்து அடி தொலைவு வரை நெருங்க முடியும் என்று அரசு வழக்கறிஞர் வாதத்தில் சுட்டிக்காட்டினார். ஒருவர் கையாளும் காகிதம் இரகசியமா என்பதைவிட, அவர் அட்டை எந்தக் கதவைத் திறக்கிறது என்பதே இங்கே அளவுகோல். துறைமுகத்துக்கும் மின் நிலையத்துக்கும் விமான நிலையத்துக்கும் இதே தர்க்கம் பொருந்தும்: துப்புரவு செய்பவரும் தலைமைப் பொறியாளரும் ஒரே அறைக்குள் போகின்றனர்.

ஆனால் இந்தத் தர்க்கத்தை முழுமையாக ஏற்றுக்கொண்டாலும், அது 42-ஆம் படிவத்தின் ‘மற்றவை’ என்ற பகுதியை நியாயப்படுத்தவில்லை. ஒருவர் விண்ணோடத்தின் அருகில் நிற்கப் போகிறார் என்பது அவரைப் பற்றிக் குறிப்பாகக் கேட்பதற்குக் காரணம் ஆகுமே தவிர, எதை வேண்டுமானாலும் கேட்பதற்கு ஆகாது. திறந்த கேள்விகளே பயனுள்ளவை, நிறைகுறைகள் அத்தனையையும் படிவத்தில் முன்கூட்டியே பட்டியலிட முடியாது என்பது நீதிமன்றத்தின் பதில். அதில் உண்மை இருக்கிறது. ஆயினும், அக்கம்பக்கத்தார் எழுதி அனுப்பும் ஒரு வரி வதந்தியா அனுபவமா என்று பிரித்தறிய அந்தப் படிவத்தில் வழியில்லை.

இரண்டாவது அடுக்குதான் வழக்கின் உயிர்நாடி. திரட்டிய தகவல் 1974-ஆம் ஆண்டின் தனியுரிமைச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. பணியாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இன்றி, சட்டம் அனுமதிக்கும் விதிவிலக்குகள் நீங்கலாக, அதை வெளியிட முடியாது. வேண்டுமென்றே வெளியிடுவது குற்றம். இந்த ஏற்பாடு இருக்கும்வரை, தகவல் வெளிப்படக்கூடும் என்ற அச்சம் போதிய வாதமாகாது. பாதுகாப்பு ஏற்பாடுகள் தோற்றுப்போகக்கூடும் என்ற வெறும் சாத்தியத்தை வைத்து, அரசு தகவல் திரட்டும் முறை முழுவதையும் எதிர்க்க முடியாது என்றது தீர்ப்பு. மருந்துச் சீட்டுகளின் விவரங்களைக் கணினியில் சேமித்த நியூயார்க் மாநிலச் சட்டத்தை 1977-இல் இதே நீதிமன்றம் ஏற்றபோதும், அதற்கு ஆதாரமாக நின்றது இந்த நம்பிக்கைதான்.

தீர்ப்புக்குப் பிறகு

ஓராண்டும் சில வாரங்களும் கழிந்தன. 2012 மார்ச் 28 அன்று, தன் எச்ஐவி நிலை பற்றிய தகவலை ஓர் அரசுத் துறை மற்றொரு துறைக்கு ஒப்புதலின்றித் தந்துவிட்டது என்று ஒரு விமானி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனியுரிமைச் சட்டத்தை அரசு வேண்டுமென்றே மீறியிருந்தாலும், பண இழப்பைக் காட்டினால் மட்டுமே அந்தச் சட்டத்தின்கீழ் இழப்பீடு கோரலாம். அவமானத்துக்கும் மன வேதனைக்கும் கோர முடியாது என்று ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் முடிவானது. எழுதியவர் அதே நீதிபதி அலிட்டோ. தனியுரிமைச் சட்டம் காக்கும் என்று 2011-இல் சொன்ன நீதிமன்றம், அந்தக் காப்பு எவ்வளவு மெலிந்தது என்பதை 2012-இல் தானே வரையறுத்தது. இரண்டு தீர்ப்புகளையும் தனித்தனியே படித்தால் ஒவ்வொன்றும் ஒழுங்காகவே தெரியும். சேர்த்துப் படிக்கும்போதுதான் மனம் கனக்கிறது.

2012 அக்டோபர் 31 அன்று நாசா தலைமையகப் பணியாளர் ஒருவரின் பூட்டிய காரிலிருந்து மடிக்கணினி ஒன்று திருடப்பட்டது. கடவுச்சொல் இருந்தது, முழு மறையாக்கம் செய்யப்படவில்லை. ஊழியர்கள், ஒப்பந்தப் பணியாளர்கள் எனக் குறைந்தது 10,000 பேரின் தனிப்பட்ட தகவல்கள் அதனால் ஆபத்துக்கு உள்ளாயின.

அடுத்தது மிகப் பெரிது. பின்னணி விசாரணைப் பதிவுகளை வைத்திருந்த மத்தியப் பணியாளர் மேலாண்மை அலுவலகத்தின் கணினிகளுக்குள் ஊடுருவல் நடந்திருப்பது 2015-இல் தெரியவந்தது. 2.15 கோடிப் பேரின் தகவல்கள் களவு போயின, அவர்களில் 1.97 கோடிப் பேர் விசாரணைக்கு உட்பட்டவர்கள், 18 இலட்சம் பேர் பெரும்பாலும் அவர்களுடைய வாழ்க்கைத் துணைகளும் உடன் வாழ்வோரும். 56 இலட்சம் பேரின் கைரேகைகளும் போயின. கடவுச்சொல்லை மாற்றலாம், கைரேகையை மாற்ற இயலாது. 2000-க்குப் பிறகு எஸ்எஃப்-85 படிவத்தை நிரப்பியவர்களும் பெரும்பாலும் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று அலுவலகமே அறிவித்தது. கணினிப் பாதுகாப்பில் உள்ள குறைகளை அதன் தலைமைக் கண்காணிப்பாளர் பல ஆண்டுகளாக எழுதி எச்சரித்திருந்தார். 2015 ஜூலையில் இயக்குநர் பதவி விலகினார்.

இவ்வளவையும் கொடுத்துப் பெற்ற பாதுகாப்பு என்ன என்ற கேள்வியும் இங்கே எழ வேண்டும். 2013 செப்டம்பர் 16 அன்று வாஷிங்டன் கடற்படைத் தளத்தில் 12 பேரைச் சுட்டுக் கொன்றவர், பாதுகாப்பு அனுமதி பெற்ற ஓர் ஒப்பந்தப் பணியாளர். 2004-இல் சியாட்டிலில் ஒரு காரின் சக்கரங்களை அவர் துப்பாக்கியால் சுட்டிருந்தார்; பின்னணி விசாரணை அறிக்கையிலோ சக்கரங்களின் காற்றை இறக்கியதாக மட்டுமே இருந்தது, துப்பாக்கி இல்லை. படுகொலைக்கு ஆறு வாரங்களுக்கு முன், குரல்கள் கேட்பதாக அவரே காவலர்களிடம் கூறியிருந்தார். அவரை முன்பு விசாரித்த ஒப்பந்த நிறுவனமான யுஎஸ்ஐஎஸ், 2008 முதல் 2012 வரை குறைந்தது 6,65,000 விசாரணைகளை உரிய மறுபார்வை இன்றி முடிந்துவிட்டதாக அனுப்பியது என்று அரசே 2014-இல் நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டியது. 2015-இல் அந்நிறுவனம் தனக்கு வரவேண்டிய குறைந்தது 3 கோடி டாலரை விட்டுக்கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. இங்கே கேள்விகள் போதாமல் போகவில்லை. ஒரு காவல் நிலையப் பதிவை வாங்கிப் படிப்பதும், அனுமதி தந்த பிறகு அந்த மனிதருக்கு என்ன நேர்கிறது என்று கவனிப்பதும்தான் நடக்கவில்லை. ஜேபிஎல் பணியாளரின் பழைய வீட்டு உரிமையாளரிடம் ‘மற்றவை’ என்ன என்று கேட்கச் செலவிட்ட உழைப்பில் ஒரு பங்கு இதற்குப் போயிருக்கலாம்.

களவு போன பதிவுகள் குறித்து ஊழியர்கள் தொடுத்த வழக்கில், 2019 ஜூன் மாதம் வாஷிங்டன் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசியல் சட்டம் தகவல் தனியுரிமையைக் காப்பதாகவே கொண்டாலும், திருடர்களிடமிருந்து பதிவுகளைக் காக்கும் கடமையை அது அரசின்மீது சுமத்தவில்லை என்று கூறி அந்தக் கோரிக்கையைத் தள்ளியது. பண இழப்பைக் காட்டியவர்களின் தனியுரிமைச் சட்டக் கோரிக்கை மட்டும் தொடர அனுமதிக்கப்பட்டது. 2022-இல் 6.3 கோடி டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. களவால் கைப்பணம் இழந்ததாகக் காட்டுபவருக்குக் குறைந்தது 700 டாலர், அதிகமாக 10,000 டாலர். எஸ்எஃப்-85 படிவத்தில் ‘ஆம்’ என்று எழுதி, பெற்ற ஆலோசனையையும் உண்மையாகக் குறிப்பிட்டு, அந்தத் தாள் எங்கோ ஓர் அந்நியரின் கணினியில் இருக்கிறது என்ற நினைப்போடு மட்டும் வாழும் ஒருவருக்கு அந்தத் தொகையில் பங்கு இல்லை.